மத்தள ஓசையும் கணினியும்

மட்டக்களப்பு வாவியின் மேல்கரையாகிய படுவான்கரையிலே கூத்துக் களரி கூடிய இரவுகளில், அதன் ஓசை நீர்ப்பரப்பைத் தாண்டி எழுவான்கரையிலும் கேட்பதுண்டு. அவ்வளவு தொலைவிலே பாட்டின் சொல் விளங்காது. சல்லரியின் ஒலியும் தேய்ந்துவிடும். மத்தளத்தின் இடந்தலையிலே பிறக்கும் ‘தொம்’ என்னும் தாழ்ந்த ஓசை மாத்திரம் வந்து சேரும். தாழ்ந்த மீடிறனுடைய ஓசை காற்றிலே எளிதில் தேயாது என்பது பௌதிகம் பயின்றோர் அறிந்ததே. இவ்வோசையைக் கணினியின் வாயிலாக எழுப்புதல் கூடுமோ, கூடுமாயின் எவ்வாறு, எவ்வெல்லை மட்டும் என்பனவே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சியை வீண் பொழுதுபோக்கென்று கருதுவோரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவோம். இன்று கணினியில் இசையமைக்கும் இளைஞர்க்கு மேல்நாட்டு முழவுகள் நூற்றுக்கணக்கில் ஆயத்தமாய்க் கிடைக்கின்றன. தபேலாவும் மிருதங்கமும் கிடைக்கின்றன. மட்டக்களப்புக் கூத்து மத்தளமோ யாம் கண்ட மென்பொருள் எதனுள்ளும் இல்லை. ஆதலின் கூத்துப் பாட்டொன்றைப் பதிவு செய்யப் புகும் மாணவன், கைக்கு எட்டிய தபேலாவை எடுத்துப் பொருத்திவிடுகின்றான். அதனைக் கேட்டு வளரும் பிள்ளை அதுவே மத்தளமென்று கொள்ளும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் வாழும் நம்மவர் பிள்ளைகளைப் பற்றிக் கூறவே வேண்டா. வாத்தியம் அழிவதற்கு முன்னே அதனை அறியும் செவி அழிந்துவிடும்.

ஓசையை எண்ணால் அளந்தறியும் முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகளார், விஞ்ஞானப் பட்டதாரியாய் இருந்தமையாலேயே, வழக்கொழிந்த யாழின் நரம்புகளைக் கணிதத்தால் மீட்டுணர்ந்து, 1947 ஆம் ஆண்டிலே யாழ் நூலை அரங்கேற்றினார். அவர் ஆராய்ந்த கருவி மறைந்துபோன கருவி. நாம் ஆராயும் கருவியோ இன்னும் அண்ணாவியார் கழுத்திலே தொங்குகின்றது. அடிகளார்க்குக் கிட்டாத வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கின்றது என்க.

முதற்கண் தோல் அதிரும் முறையைச் சிறிது நோக்குவோம். இழுத்துக் கட்டிய நரம்பு ஒன்று அதிரும்போது, அதன் அடிப்படைச் சுரத்தோடு உடன்பிறக்கும் மேற்றொனிகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என முழுவெண் விகிதத்தில் அமையும். ஆதலின் அவை ஒன்றோடொன்று இணங்கிச் செவிக்கு ஒரு சுரமாகவே படும். வட்டமாய் இழுத்துக் கட்டிய வெறுந்தோலின் இயல்பு வேறு. அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்னும் விகிதத்தில் நிற்கும். இவ்வெண்கள் தம்முள் இணங்கா. அதனாலேயே வெறுந்தோல் முழவு முழக்கம் தருமேயன்றித் தெளிந்த சுரம் தருவதில்லை.

மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்படும் கருஞ்சாந்து இவ்விணக்கமின்மையைத் தீர்க்கின்றது. சர் சி. வி. இராமன் அவர்கள் சிவகாளி குமார் என்பாரோடு சேர்ந்து 1920 ஆம் ஆண்டிலும், பின்னர்த் தாமே விரிவாக 1934 ஆம் ஆண்டிலும் இதனை விளக்கி எழுதியுள்ளார். சாந்தின் பாரத்தால் தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் இடம்பெயர்ந்து, 1, 2, 3, 4, 5 என்னும் ஐந்து இசைந்த சுரங்களாக ஒன்றுகூடுகின்றன என்று அவர் காட்டினார். நம் முன்னோர் இவ்விகிதங்களை எழுதி வைத்திலர். சாந்தைச் சிறிது சிறிதாய்ப் பூசித் தட்டிப் பார்த்துச் செவியாலேயே கண்டுகொண்டனர். கணினிக்கு அச்செவி இல்லை. ஆகவே இக்கணக்கு வேண்டியிருக்கின்றது.

கூத்து மத்தளம் மிருதங்கத்துக்கு உறவுடையதெனினும் அதனின் முரட்டுக் குரலுடையது. சபாமண்டபத்தில் அமர்ந்து கேட்போர்க்கு ஏற்பட்டதன்று அது. திறந்த வெளியிலே, நின்றுகொண்டு, விடியும் வரை முழங்க வேண்டிய கருவி. அடி விழுந்த முதற் சில மில்லிசெக்கன்களிலே விரலும் தோலும் மோதும் சடசடப்பு எழும். பின்னரே சுரம் தெளியும். ஒரு கருவியை இன்னதென்று செவி இனங்காணுவது பெரும்பாலும் அத்தொடக்கத்தைக் கொண்டே. பதிவின் தொடக்கத்தில் ஓர் இம்மியை வெட்டிவிட்டால் மத்தளம் மத்தளமாய் இராது. இரைச்சலென்று கருதி அதனை நீக்கிவிடும் மாணவரைக் கண்டிருக்கின்றோம்.

கணினியில் முழவோசை பிறப்பிக்க இரு வழிகள் உள. ஒன்று, ஓசையைக் கணக்கினாலேயே ஆக்குதல். மற்றையது, மெய்யான அடிகளைப் பதிந்து வைத்து வேண்டுமிடத்துக் கோத்தல். 1957 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்தியூஸ் என்பார் கணினியை இசைக்கச் செய்தது முன்னைய வழியிலேயே. 1983 ஆம் ஆண்டில் கார்ப்பிளஸ், ஸ்ட்ரோங் என்னும் இருவர் வெளியிட்ட முறையொன்று மாணவர் தாமே செய்து பார்க்கத் தக்கது. ஒரு சிறு அட்டவணையை எழுந்தமானமான எண்களால் நிரப்புக. ஒவ்வோர் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணோடு கூட்டிச் சராசரி கண்டு, அச்சராசரியை மீண்டும் அட்டவணையில் இடுக. இதனைத் தொடர்ந்து செய்து வரின், மீட்டிய நரம்பின் ஓசை கேட்கும். இடும்போது சராசரியின் குறியை, நாணயம் சுண்டிப் பார்த்தாற் போலச் சரிபாதி வாய்ப்போடு நேராகவும் எதிராகவும் மாற்றிவரின், நரம்போசை மறைந்து முழவோசை கேட்கும்! இருபது வரியில் எழுதக்கூடிய இந்நிரல் எமக்கு அளித்த மகிழ்ச்சி பெரிது. எனினும் அதிற் பிறந்தது எவ்வூர் முழவும் அன்று.

1980 ஆம் ஆண்டிலே இவ்விரு வழிகளும் இரு பொறிகளாய் வெளிவந்தன. றோலண்ட் நிறுவனத்தாரின் டீஆர்-808 மின்சுற்றுக்களால் ஓசையை ஆக்கிற்று. றோஜர் லின் என்பாரின் எல்எம்-1 மெய்யான முழவின் பதிவுகளை இசைத்தது. முன்னையது மெய்ம்முழவை ஒவ்வாது என்று குறை கூறப்பட்டு, பின்னர்த் தன் சொந்தக் குரலுக்காகவே போற்றப்பட்டது ஒரு வேடிக்கை. நமக்கு வேண்டியது மட்டக்களப்பு மத்தளம். ஆதலின் பதிவு வழியே கொள்ளத் தக்கது.

பதிவு செய்யும் காலத்தை முதலில் தெரிந்துகொள்ளல் வேண்டும். மாரியில் வாவிக் கரையின் ஈரக்காற்றுத் தோலைத் தளர்த்திவிடும். காலையில் சுருதி சேர்த்த மத்தளம் நண்பகலில் இறங்கி நிற்கும். கச்சான் வீசும் மாதங்களே நல்லன. அப்போதும் எல்லா அடிகளையும் ஒரே அமர்விற் பதிதல் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை சுருதியைச் சரிபார்த்தல் வேண்டும். சீமெந்துச் சுவரெழுப்பிய வகுப்பறை எதிரொலிக்கும். கிடுகால் வேய்ந்த கொட்டிலும், நெல்மூடைகள் அடுக்கிய அறையும் எத்துணையோ மேல்.

ஒலிவாங்கி மூன்று இருத்தல் நன்று. வலந்தலைக்கு ஒன்றும் இடந்தலைக்கு ஒன்றும் ஏறக்குறைய ஒரு முழத் தொலைவில் நிறுத்தி, மூன்றாவதனை எதிரே ஐந்தாறு அடி தள்ளி வைக்கலாம். ஒலி ஒரு மீற்றர் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிசெக்கன் செல்லும். ஆதலின் ஒரே அடி மூன்று ஒலிவாங்கிகளையும் மூன்று கணத்தில் அடையும். அவற்றை அப்படியே கலந்தால் ஓர் அலையின் மேடும் மற்றையதன் பள்ளமும் கூடி ஓசை மெலியும். ஓடாசிட்டி முதலிய இலவச மென்பொருளிலே அலைவடிவங்களைப் பெருப்பித்துப் பார்த்து, தொலைவிலுள்ளதைச் சிறிது முன்னகர்த்தி நேர்செய்தல் வேண்டும். பதிவு வீதம் செக்கனுக்கு 44,100 மாதிரிக்குக் குறைதல் ஆகாது.

அடிகள் எட்டு வகை எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் மென்மை, நடுத்தரம், வலிமை, மிகுவலிமை என நான்கு விசைகளில் அடிக்கச் செய்து, ஒவ்வொரு விசையிலும் ஆறு முறை பதிக. மொத்தம் 192 பதிவுகள். ‘ஒரே அடியை ஏன் ஆறு முறை?’ என்று வாசகர் வினவலாம். கை ஒருமுறை விழுந்த இடத்திலே மறுமுறை அணுவும் பிசகாது விழுவதில்லை. ஒரே பதிவைக் கணினி திரும்பத் திரும்ப இசைத்தால், விரைந்த நடையிலே அது இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். இரண்டு செக்கனுள் செவி அதனைக் கண்டுபிடித்துவிடும். ஆறினையும் முறைமாற்றி இசைக்கச் செய்யின் இக்குற்றம் நீங்கும். விசையைப் பொறுத்தவரை, 1983 ஆம் ஆண்டில் ஏற்பட்ட மிடி என்னும் பொதுவிதி அதனை 127 படிகளாக வகுத்துள்ளது. நம் நான்கு அடுக்குகளையும் அப்படிகளிற் பகிர்ந்து அமைக்கலாம். வலிய அடியென்பது மெல்லடியின் ஒலியைக் கூட்டியது மாத்திரம் அன்று. வலிய அடியிலே மேற்றொனிகள் மிகும், ஓசையின் நிறமே மாறும். ஒரே பதிவின் வீச்சத்தைக் கூட்டிக் குறைத்து நான்காக்கும் சோம்பேறித்தனம் இதனாலேயே பயன்படுவதில்லை.

இத்துணையும் செய்து முடித்து, ஹைட்ரஜன் என்னும் இலவச மென்பொருளில் அடிகளைக் கோத்துக் கேட்டபோது எமக்கு ஏமாற்றமே எஞ்சியது. ஒவ்வோர் அடியும் தனித்தனியே மெய், கூட்டினால் பொய். காரணத்தைப் பல நாள் ஆராய்ந்தே கண்டோம். தனியே ‘தா’ அடியுங்கள் என்று கேட்டால் அண்ணாவியார் ஒரு ‘தா’ அடிப்பார். சொற்கட்டின் நடுவே வரும் ‘தா’ அதுவன்று. முன்னே ‘கு’ வந்திருப்பின் உள்ளங்கை தோலிலே படிந்திருக்கும். ‘தொம்’ வந்திருப்பின் தோல் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். அடுத்த அடி அவ்வதிர்வின் மேலேயே விழுகின்றது. உயிரும் மெய்யும் புணர்ச்சியிலே திரிவது போல, அடியும் அடியும் புணர்ந்து திரிகின்றன. முழவுக்கும் ஒரு சந்தியிலக்கணம் உண்டு என்றே கூறலாம்.

ஆகவே தனியடிகளோடு இணையடிகளையும் பதிதல் வேண்டும்: ‘குதா’, ‘தொம்தா’ என இரண்டிரண்டாய் அடிக்கச் செய்து, இரண்டாவதனை வெட்டியெடுத்துச் சேர்த்தல் வேண்டும். மூடிய அடி திறந்த அடியின் ரீங்காரத்தை உடனே அடக்குமாறு இரண்டினையும் ஒரே அடக்கற் குழுவில் வைத்தல் வேண்டும். ஆனால் வலந்தலையின் மூடிய அடி இடந்தலையை அடக்கலாகாது. இரண்டும் வெவ்வேறு குழுக்கள். இவ்வொரு திருத்தத்தாலேயே பாதிப் பொய் நீங்கியது.

மீதிப் பாதி காலத்தைப் பற்றியது. நிமிடத்துக்கு 96 எண்ணிக்கை கொண்ட நடையில் ஓர் எண்ணிக்கை 625 மில்லிசெக்கன். அதன் காற்பங்கு 156 சொச்சம். கணினி ஒவ்வோர் அடியையும் மிகச் சரியாக அவ்விடத்திலேயே நிறுத்தும். மனிதக் கை அங்ஙனம் நிறுத்தாது. இதனை உணர்ந்த மென்பொருளாளர் அடிகளை எழுந்தமானமாய்ச் சில மில்லிசெக்கன் முன்பின் தள்ளும் வசதியை வைத்துள்ளனர். அதனைப் பயன்படுத்தினால் நல்ல அண்ணாவியாரின் அடி வருவதில்லை. கள்ளுண்டவனின் அடியே வருகின்றது. 2011 ஆம் ஆண்டிலே ஹோல்கர் ஹென்னிக் என்பாரும் அவர்தம் கூட்டாளரும் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை உணர்த்தும். முழவடிப்போர் ஒருவரின் காலப் பிசகுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல. இப்போது சற்று முந்தினால் அதன் சாயல் நெடுநேரம் பின்னுள்ள அடிகளிலும் படிந்திருக்கும். கேட்போரும் தொடர்பற்ற பிசகினும் தொடர்புடைய பிசகையே விரும்பினர் என அவர்கள் கண்டனர். ஆகவே பிசகை எழுந்தமானத்துக்கு விடாது, அண்ணாவியார் அடித்த நீண்ட பதிவொன்றை எடுத்து, அடிக்கு அடி கால வேறுபாட்டை அளந்து, அவ்வேறுபாட்டு வரிசையையே கணினிக்கு ஊட்டுதல் நலம். பொறுமை வேண்டும் வேலை; பத்து நிமிடப் பதிவுக்கு இரண்டு நாள் சென்றது.

இவ்வாறு ஆக்கிய மத்தளத்தை ஒரு பாடசாலையிலே வடமோடிக் கூத்துப் பழகும் பிள்ளைகளுக்கு முன் ஒலிக்கச் செய்தோம். அண்ணாவியார் உடல்நலமின்றி வரவியலாத வாரம் அது. கண்ணை மூடிக் கேட்டவர் ஏமாந்தனர். அதுபற்றி எமக்குச் சிறிது செருக்கும் உண்டாயிற்று. வரவாட்டம் நன்றாகவே சென்றது. வீசாணம் போட்டுத் திரும்புகையில் ஒரு சிறுவன் இரண்டு மிதி தவறினான். மத்தளம் நிற்கவில்லை. அவன் அதனைப் பிடிக்க ஓடினான், பின்னால் வந்தவன் அவன்மேல் மோதினான், களரி குழம்பிற்று. பிள்ளைகள் சிரித்தனர், அச்சிறுவன் மாத்திரம் சிரிக்கவில்லை.

வட்டக்களரியிலே அண்ணாவியார் எங்கே நிற்கின்றார் என்பதை அன்றுதான் யாம் கருத்தூன்றி நினைத்தோம். அவர் நடுவிலே நிற்கின்றார்; ஆடுவோர் அவரைச் சுற்றி ஆடுகின்றனர். எப்பக்கம் ஆள் திரும்பினும் அவர் அப்பக்கம் திரும்பிக் காலைப் பார்த்தே அடிக்கின்றார். பாரமான கரப்புடுப்பு அணிந்த அரசன் நள்ளிரவில் களைத்தால் நடையைத் தளர்த்துகின்றார். மிதி தவறினால் அதே தாளக்கட்டை இன்னொரு சுற்று அடித்து அவனை ஏற்றிக்கொள்கின்றார். சபையோர் தவற்றை அறிவதே இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களிலே விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கிக் கர்ணன் போர், இராவணேசன் என மேடைக்குக் கொணர்ந்தபோது நேரமும் அரங்கும் மாறின. மத்தளம் காலைப் பார்க்கும் முறை மாறவில்லை. எம் கணினி 192 பதிவுகளோடும் அளந்தெடுத்த பிசகுகளோடும் ஒலித்தது, பார்க்கவில்லை.

இதன்பின் யாம் செய்த மாற்றம் சிறிது. முழுக் கூத்தையும் ஒரே ஓட்டமாய்க் கோப்பதை விடுத்து, வரவு, ஆட்டத் தரு, வேகம் கூட்டும் பகுதி, தீர்மானம் எனத் தாளக்கட்டுக்களைத் துண்டு துண்டாக்கினோம். ஒவ்வொரு துண்டையும் சிறு விசைப்பலகையின் ஒவ்வொரு விசைக்குக் கொடுத்தோம். விசையை அழுத்தும்வரை நடக்கும் துண்டே சுற்றிச் சுற்றி வரும். அழுத்தினால் அச்சுற்று முடிந்தபின் அடுத்தது தொடங்கும். நடையைக் கூட்டவும் குறைக்கவும் காலால் மிதிக்கும் ஒரு மிதிகட்டை. ஆடுவோரைப் பார்த்துக்கொண்டே இதனை இயக்க ஒரு மாணவியை இருத்தினோம். தாமதம் இருத்தலாகாது, கணினியின் ஒலித்தேக்கத்தை 256 மாதிரிக்குக் குறைத்தால் அத்தேக்கத்தால் வரும் தாமதம் ஆறு மில்லிசெக்கனுக்குள் அடங்கும். முதல் நாள் அவள் விசையையே பார்த்தாள். மூன்றாம் நாள் காலைப் பார்க்கத் தொடங்கினாள். தவறிய சிறுவனுக்காக ஒரு சுற்றைத் தானே நீட்டினாள். யாம் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணாவியார் தேறி வந்ததும் அவளை அழைத்து மத்தளத்தைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். இப்போது அவள் அவரிடம் மத்தளம் பழகுகின்றாள். எம் கணினி அப்பாடசாலையில் அதிகம் தேவைப்படுவதில்லை. பிள்ளைகள் வீட்டிலே பழகுவதற்கு அதிலிருந்து எடுத்த பதிவுகள் உதவுகின்றன.

அண்ணாவியார் ஒருவரும் இல்லாத தூர தேசங்களில் நம்மவர் என் செய்வது என்று கேட்பின், மேற்கூறிய துண்டு முறையே எம் விடை. ஓடவிட்டுவிட்டுக் கைகட்டி நிற்கும் பதிவு வேண்டா. யாரேனும் ஒருவர் நடுவிலே நின்று பார்க்கட்டும்.

சல்லரியைப் பற்றி இரண்டு சொல். அதன் உலோக ஓசை நெடுநேரம் நிற்கும். பதிவின் வாலை வெட்டாது முற்றும் அடங்கும் மட்டும் விடுக. உடுக்கின் ஓசை கயிற்றை இறுக்குந்தோறும் ஏறி இறங்குவது. அதனைத் துண்டுபடுத்தல் ஆகாது, தொடராகவே பதிதல் வேண்டும். பறை வேறொரு கட்டுரைக்கு உரியது. அதனைப் பதியச் செல்வோர் ஒன்றை மனத்திற் கொள்க: பறை முழக்கிய குடும்பங்களை ஊரார் நெடுங்காலம் வாசலில் நிறுத்தியே அனுப்பினர். ஒலிவாங்கியோடு செல்லும் நாமும் அவ்வாறே ஓசையைப் பெற்றுக்கொண்டு போய்விடுதல் அழகன்று. அவர் இசைவைப் பெற்று, உரிய கூலி கொடுத்து, அவர் விரும்பின் பதிவோடு அவர் பெயரையும் பொறித்து, படியொன்றை அவர் வீட்டிலே கொடுத்துவிட்டு வருதல் வேண்டும். அண்ணாவிமார்க்கும் இதுவே முறை.

இப்பணியில் ஈடுபட விரும்பும் நம் கல்லூரி மாணவர்க்குக் கடைசியாக ஒன்று. ஒவ்வோர் அடியையும் பதியுமுன் அண்ணாவியாரை அதன் சொல்லை வாயாற் சொல்லச் செய்து, அதனையும் சேர்த்துப் பதிக. ஊருக்கு ஊர் ஒரே அடிக்குச் சொல் வேறுபடலாம். கோப்புக்கு ஒன்று, இரண்டு என இலக்கமிட்டுவிட்டால், பத்தாண்டின் பின் அதனைத் திறப்பவர்க்கு எவ்வடி எச்சொல் என்று தெரியாது போம். எம் முதல் தொகுதியிலே அங்ஙனம் இலக்கம் மாத்திரம் இட்ட 40 கோப்புகள் உள. அவற்றுட் சிலவற்றின் சொல்லை அறிய, படுவான்கரைக்கு மீண்டும் ஒருமுறை செல்லவேண்டியிருக்கின்றது.